சத்தம் கேட்கிறவருக்குச் சொல்லிக்கொடுங்கள்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் நூற்பாலை, தறிக்கூடம், பவுண்டரி, மெஷின் ஷாப் நடத்தும் உரிமையாளர்களுக்கு,



போன தீபாவளிக்கு மறுநாள் காலை, பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தேன். ஆட்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். ரிங் ஃபிரேம், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் எதுவும் ஓடவில்லை. மெஷின்களுக்குப் போகும் ஏர் வால்வுகளை வழக்கம்போலத் திறந்தே வைத்துவிட்டு, 75 கிலோவாட் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டோம். மில் இரைச்சலுக்குள்ளேயே முப்பத்தொரு வருஷம் கழித்த காது எனக்கு. அந்த அமைதிக்குப் பழகச் சற்று நேரம் பிடித்தது. பழகியதும் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. தலைக்கு மேல் போகும் பைப்பில் ஒரு சீறல். ஆட்டோகோனர் வரிசையில் நாலைந்து இடத்தில் மெல்லிய உஸ். கிளிப் தளர்ந்த ஹோஸ் ஒன்றில் விட்டு விட்டு ஒரு முனகல். ஆளில்லாத கூடத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது.

அந்த மில்லின் ஃபிட்டர் ஒருவர் கூட நின்றிருந்தார். இருபத்தாறு வயது இருக்கும், ஐடிஐ படித்தவர். செல்போனில் ஸ்டாப்வாட்ச்சைத் திறக்கச் சொன்னேன். கம்ப்ரஸர் லோடு எடுத்துக் காற்றடிக்க ஆரம்பிக்கும்போது ஒரு அழுத்து, காற்றடிப்பதை விட்டு அன்லோடுக்குப் போகும்போது ஒரு அழுத்து. ஐந்து சுற்று பார்த்தோம். சராசரியாக 50 செகண்டு லோடு, 75 செகண்டு அன்லோடு. இரண்டையும் கூட்டினால் 125. அதில் 50 என்றால் நூற்றுக்கு 40. ஒரு முழம் நூல்கூடச் சுற்றாத நாளில், அந்தக் கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் 40 சதவீதம் ஓட்டைகள் வழியே போய்க்கொண்டிருந்தது.

அவர் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "லீக் இருக்குன்னு தெரியும்ங்ணா. எந்தெந்த எடம்னுகூடத் தெரியும். இவ்வளவுன்னு தெரியாதுங்ணா. தெரிஞ்சாலும் அடைக்கறதுக்கு மெஷின நிறுத்தோணும். நிறுத்துங்கன்னு சொல்ல நான் யாருங்ணா?"

அவர் கேட்ட கேள்விக்காகத்தான் உங்களுக்கு இந்த மடல். நான் உங்களிடம் புதுக் கம்ப்ரஸர் வாங்கச் சொல்லப் போவதில்லை. உங்கள் ஃபிட்டருக்கும், கம்ப்ரஸர் ரூம் ஆபரேட்டருக்கும், மெஷின் பக்கத்தில் நிற்கும் பெண்களுக்கும் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள், சொல்லிக்கொடுத்ததைச் செய்ய அதிகாரம் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

காற்று சும்மா கிடைப்பதுதானே என்ற நினைப்பு நம் எல்லோர் மனசிலும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வெளியில் இருக்கும் காற்று சும்மாதான். 7 பாருக்கு அழுத்தி, தண்ணீர் பிரித்து, வடிகட்டி, பைப்பில் ஏற்றிய காற்று ஆலையிலேயே விலை கூடிய சரக்கு. கம்ப்ரஸருக்குள் போகும் மின்சாரத்தில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் கடைசியில் மெஷினில் வேலையாக வெளிப்படுகிறது. மற்றதெல்லாம் சூடாகிப் போய்விடுகிறது. கம்ப்ரஸர் ரூமுக்குள் போனதும் முகத்தில் அடிக்கிற அனல் நீங்கள் கட்டிய கரண்ட் பில்தான்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஓட்டை. தீக்குச்சித் தலையைவிடச் சற்றுப் பெரிது. 7 பாரில் அதன் வழியே போகிற காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோவாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 84 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தால் 588 ரூபாய். மூன்று ஷிப்ட் மில் வருஷத்துக்கு 8,000 மணி நேரம் ஓடுகிறது என்றால் 28,000 யூனிட், 1,96,000 ரூபாய். ஹெச்டி இணைப்புக்காரர்கள் இதற்கு மேல் பீக் ஹவர் கூடுதலையும் டிமாண்ட் சார்ஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பயிற்சிக்கு ஒரு ஃபிட்டரை அனுப்பினால் அவர் சம்பளம் வீண் என்று நினைக்கிறீர்களே, அந்த இரண்டு நாள் சம்பளத்தை இப்படி ஒரே ஒரு ஓட்டை மூன்று நாளில் தின்றுவிடும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழும்பிய மண் இது. 1933லேயே மில்காரர்கள் ஒன்றுகூடித் தங்கள் சங்கமான சைமாவை அமைத்தார்கள். ஜி.டி. நாயுடு 1945ல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கைத் தொடங்கினார். தொழிலைக் கையில் பிடித்துக் கற்கவேண்டும், வருஷக்கணக்கில் ஏட்டில் இழுக்கக் கூடாது என்று வாதாடினார். 1956ல் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா வந்தது. 1960ல் இங்கே தொடங்கிய எல்ஜி நிறுவனம் இன்று பல நாடுகளுக்குக் கம்ப்ரஸர் ஏற்றுமதி செய்கிறது. கம்ப்ரஸர் செய்யத் தெரிந்த ஊர், பம்பு செய்யத் தெரிந்த ஊர், மோட்டார் சுற்றத் தெரிந்த ஊர். அந்தக் கம்ப்ரஸரிலிருந்து வெளியே போகும் பைப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். கடைசி ஆட்டோகோனரில் ஸ்ப்ளைஸ் நிற்கவில்லை. அறுந்த நூலின் இரண்டு நுனிகளையும் ஸ்ப்ளைசர் ஒரு நொடிக் காற்றடியில் பிரித்து முறுக்கி ஒன்றாக்குகிறது, முடிச்சே தெரியாது. காற்றழுத்தம் குறைந்தால் ஒட்டு பலவீனமாகிவிடும். பின்னலாடைக்காரர் மெஷினில் போய் அறும், கோன் திரும்பி வரும். வைண்டிங் டிபார்ட்மென்டிலிருந்து ஒவ்வொரு ஷிப்டிலும் போன் வரும், "ஏர் பத்தலை". கம்ப்ரஸர் ஆபரேட்டர் செட்டிங்கை ஏற்றிக்கொண்டே போனார். 7, 7.4, 7.8. கடைசியில் நான் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: இன்னொரு 37 கிலோவாட் கம்ப்ரஸர் வேண்டும். முதலாளி மறுபேச்சு இல்லாமல் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று வருஷம் கழித்து லைனைத் தற்செயலாகக் கழற்றியபோதுதான் தெரிந்தது. டிரையருக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டர் எலிமென்ட் மாற்றப்படவே இல்லை. காய்ந்த களிமண்ணாக இருந்தது. அந்த ஒரு இடத்திலேயே 0.9 பார் இறங்கிக்கொண்டிருந்தது. ரிசீவர் டேங்கின் ஆட்டோ டிரெயின் துரு அடைத்துப் போனதால் ஆபரேட்டர் கை வால்வைக் கால் திருப்புத் திறந்தே வைத்திருந்தார், தண்ணீர் நிற்கக்கூடாதே என்று. அவர் செய்தது அவருக்குத் தெரிந்த வரையில் நல்ல வேலை. மழைக்காலக் காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கினால் அதில் இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி தண்ணீராக இறங்கத்தானே செய்யும். அந்தத் தண்ணீர் மெஷினுக்குப் போகாமல் அவர் காத்தார். தண்ணீரோடு எவ்வளவு காற்று போகிறது என்று அவருக்கு யாரும் அளந்து காட்டியதில்லை. எனக்கும் யாரும் காட்டியதில்லை. சில ஆயிரம் ரூபாய் எலிமென்டுக்கும் ஒரு டிரெயின் வால்வுக்கும் பதிலாக ஒரு கம்ப்ரஸரை வாங்கவைத்து, மூன்று வருஷம் அதற்கு மின்சாரமும் கட்டவைத்தேன். கம்ப்ரஸரின் விலையைப் போலப் பல மடங்கு அதன் ஆயுளில் மின்சாரத்துக்குத்தான் போகும் என்பதை அப்போது அறியாமல் போட்ட கையெழுத்து அது. இன்றைக்கும் அந்த மில்லைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போது மனசு உறுத்தும்.

இந்தக் கதை உங்களில் பலருடைய ஆலையில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நான் போன இடங்களில் எல்லாம் வெவ்வேறு உருவத்தில் இதையே பார்த்தேன். பவுண்டரியில் மணலைத் தள்ள, வார்ப்பை ஆற வைக்க, கிரைண்டிங் தூசியை ஊத என்று எல்லாவற்றுக்கும் 7 பார் காற்று. ஒரு சின்ன புளோயர் செய்யவேண்டிய வேலை. சோமனூர்ப் பக்கம் ஏர்ஜெட் தறிக்கூடம் ஒன்றில் தறிக்கு நல்ல பைப், ஆனால் கம்ப்ரஸர் ரூமுக்கு ஜன்னல் இல்லை. கம்ப்ரஸர் தான் விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. உள்ளே போகும் காற்று 4 டிகிரி கூடினால் மின்சாரம் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். அங்கே வெளியில் 31, உள்ளே 46. அழுத்தத்தை ஒரு பார் ஏற்றினால் மின்சாரம் ஆறேழு சதவீதம் கூடும். இந்தக் கணக்குகளெல்லாம் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் எரிசக்தி தணிக்கையாளர் தேர்வுக்காக வெளியிட்டிருக்கும் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. ஆனால் அந்தத் தேர்வு பட்டதாரிக்கும் டிப்ளமோக்காரருக்கும் உரியது. தேர்வில் தேறிய தணிக்கையாளர் எப்போதாவது வந்து ரிப்போர்ட் கொடுத்துப் போவார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில், ஸ்பைரல் பைண்டிங் போட்டு, உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும். ஸ்பேனர் பிடிக்கிறவர் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

பெரிய நூற்பாலைகளுக்காவது சட்டத்தின் பிடி இருக்கிறது. ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தியைத் தாண்டும் ஜவுளி ஆலைகள் அரசுக்குக் கணக்குக் காட்டவேண்டும், எரிசக்தி மேலாளரை வைக்கவேண்டும். அந்த அளவுக்குக் கீழே இருக்கிற நம்மைப் போன்ற ஆலைகளிடம் யாரும் கேட்பதில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஐடிஐயில் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஃபிட்டர் பாடத்தில் நியூமாட்டிக்ஸ் உண்டு. சிலிண்டர், வால்வு, சர்க்யூட் எல்லாம் டிரெயினர் போர்டில் செய்து பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புது இயந்திரங்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள். ரோபோவும் சிஎன்சியும் வந்திருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் என்னிடம் வரும் பையன்களிடம் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பேன்: அந்தப் போர்டுக்குக் காற்று எங்கிருந்து வந்தது? "பின்னாடி ஒரு கம்ப்ரஸர் இருக்கும்ங்க சார்." அது எவ்வளவு கரண்ட் எடுக்கும்? பதில் வந்ததே இல்லை. காற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று படித்திருக்கிறார்கள். அது என்ன விலை, எங்கே போகிறது, எப்படி அளப்பது என்பது பாடத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

பயிற்சியால் என்ன பெரிதாக வந்துவிடும், லீக் இருந்தால் அடைத்துவிட்டால் போச்சு என்பவர்களுக்காகத்தான் பல்லடம் மில்லின் மீதிக் கதையைச் சொல்கிறேன். தீபாவளி விடுமுறை முடிந்து இரண்டு வாரத்தில் அந்த ஃபிட்டரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 60க்கு மேற்பட்ட இடங்களை அடைத்தார்கள். பெரிய செலவு ஒன்றுமில்லை. டெஃப்லான் டேப், ஹோஸ் கிளிப், புஷ் ஃபிட்டிங், சில மீட்டர் பியூ டியூப், இரண்டு பால் வால்வு. ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளந்தோம். 18 செகண்டு லோடு, 102 செகண்டு அன்லோடு. 40 சதவீதம் 15 ஆகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். மாதக் கடைசியில் கரண்ட் பில் வந்தது. பெரிதாக எதுவும் இறங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். "லீக் அடைச்சு ஒண்ணும் பிரயோசனமில்லை" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது. உண்மையில் என்ன நடந்தது? வேலை நாட்களில் அந்த 75ம் ஒரு 37ம் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. தேவை குறைந்ததும் இரண்டுமே முன்பைவிட அதிக நேரம் அன்லோடில் சுற்றின. அன்லோடில் சுற்றும் ஸ்குரூ கம்ப்ரஸர் ஒரு துளிக் காற்றும் தராது; ஆனால் முழு லோடில் எடுப்பதில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். அது மட்டுமல்ல. லீக் அடைத்ததால் லைனில் அழுத்தம் ஏறியது. ரெகுலேட்டர் இல்லாத ஒவ்வொரு ஏர் கன்னும், மிச்சம் இருந்த ஒவ்வொரு ஓட்டையும் முன்பைவிட அதிகம் குடித்தது. மிச்சப்படுத்தியது கம்ப்ரஸர் ரூமுக்குள்ளேயே கரைந்துவிட்டது.

பயிற்சி பெற்றவருக்கு இது தெரியும். லீக் அடைத்த கையோடு கம்ப்ரஸர் செட்டிங்கைத் தொடவேண்டும், ஒரு மெஷினை நிறுத்திப் பார்க்கவேண்டும். அடுத்த வாரம் நாங்கள் கடைசி ஆட்டோகோனரில் ஒரு கேஜ் வைத்தோம். கம்ப்ரஸரை 7.4லிருந்து 0.2 பார் வீதம் இறக்கிக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு ஷிப்ட் காத்திருந்து ஸ்ப்ளைஸ் பலத்தைச் சோதித்தோம். 6.6ல் நிறுத்தினோம். பிறகு 37ஐ அணைத்தோம். அணைத்த இரவு அந்த ஃபிட்டர் வீட்டுக்குப் போகவில்லை. கடைசி மெஷின் கேஜுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அழுத்தம் இறங்கவில்லை. அடுத்த மாத பில்லில் அது தெரிந்தது.

அதே மில்லில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். மெஷின் ஓடும்போது லீக் சத்தம் காதுக்கு எட்டாது. மனிதக் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்தச் சீறலைப் பிடித்துத் தரும் அல்ட்ராசோனிக் கருவி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வைண்டிங்கில் நடந்துகொண்டிருந்தோம். பத்து வருஷமாக அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "காத்து வர்ற எடத்தத்தான் தேடறீங்களாங்க? இருபத்தேழாவது டிரம்முக்குக் கீழ பாருங்க. எப்பவும் வருமுங்க. வெய்யக் காலத்துல மூஞ்சிக்கு நல்லாருக்குமுன்னு அப்படியே உட்டுட்டோம்." போய்ப் பார்த்தால் ரெகுலேட்டர் டயஃபிரம் கிழிந்திருந்தது. கருவி இல்லாமல் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் கேட்டதில்லை. உங்கள் மில்லில் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பயிற்சி என்றதும் மெயின்டனன்ஸ் ஆண்களை மட்டும் கூப்பிடுகிறோம். அந்தப் பெண்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சத்தம் கேட்டால் கட்டுவதற்கு ஒரு சிவப்பு டேக் கொடுத்தால் போதும். மறு ஷிப்டிலேயே ஃபிட்டருக்கு வேலைப் பட்டியல் தயார்.

அவர்களைக் கூப்பிடச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஷிப்ட் முடிந்ததும் துணியிலும் தலையிலும் ஒட்டிய பஞ்சை ஏர் ஹோஸால் ஊதிக்கொள்வது நம் மில்களில் சாதாரணம். விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர் பிடிப்பதும் நடக்கிறது. 7 பார் காற்று தோலுக்குள் புகும், கண்ணைக் கெடுக்கும், செவிப்பறையைக் கிழிக்கும். பின்புறத்தில் பிடித்துக் குடல் கிழிந்து செத்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். வகுப்பில் முதல் பாடமாக இதைத்தான் சொல்லவேண்டும். கரண்ட் பில் அதற்குப் பிறகு.

வெளிநாடுகளில் இந்தப் பயிற்சியை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 1990களின் கடைசியில் எரிசக்தித் துறை, கம்ப்ரஸர் தயாரிப்பாளர்கள், ஆலைகள், மின் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து கம்ப்ரஸ்டு ஏர் சேலஞ்ச் என்று ஒரு கூட்டு முயற்சி தொடங்கினார்கள். ஒரு நாள் அடிப்படை வகுப்பு, இரண்டு நாள் மேல்வகுப்பு. பாடத்தில் எந்தக் கம்பெனிச் சரக்கையும் விற்கக்கூடாது என்பது அதன் ஆதாரம். சீனாவில் ஷாங்காயிலும் ஜியாங்சுவிலும் ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பு 22 பொறியாளர்களுக்கு மோட்டார், பம்பு, கம்ப்ரஸர் அமைப்புகளில் பயிற்சி கொடுத்தது. வகுப்பில் கொஞ்சம், ஆலைக்குள் மீட்டரோடு நிறைய. பயிற்சி முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவர்கள் 38 ஆலைகளை ஆய்வு செய்து, ஏறத்தாழ 4 கோடி யூனிட் மிச்சப்படுத்த வழி காட்டினார்கள். 22 பேர்தான். நம் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் கூட்டம் ஒன்றில் முதல் மூன்று வரிசையில் உட்காருகிறவர்களைவிடக் குறைவு.

நமக்கு அதே மாதிரி வேண்டியதில்லை. நம் ஊர் அளவுக்கு நான் நினைப்பது இது. வகுப்பை ஹோட்டல் ஹாலில் வைக்காதீர்கள். ஒரு மில்லில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை, மெஷின் நின்றிருக்கும்போது. காலையில் லோடு அன்லோடு கணக்கு. மதியம் சோப்புத் தண்ணீர் வாளியோடு லைன் முழுக்க நடை. மறுநாள் மெஷின்கள் ஓடும்போது கேஜும் பவர் மீட்டரும். ஒரு மாதம் கழித்து அதே ஆட்கள் தத்தம் ஆலையின் லீக் சதவீதத்தோடு திரும்பி வந்து, மற்றவர்கள் முன்னால் சொல்லவேண்டும்: எங்களுடையது 38 இருந்தது, 20 ஆச்சு, இந்த இடத்தில் மாட்டிக்கொண்டது. அந்தத் திரும்பி வருகிற நாள்தான் பயிற்சியிலேயே முக்கியம் என்பது என் அனுபவம். அது இல்லாத வகுப்பெல்லாம் சான்றிதழோடு முடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

பாடம் தமிழில் இருக்கவேண்டும். தமிழ் என்றதும் கம்ப்ரஸருக்குக் கலைச்சொல் தேடி யாரையும் குழப்ப வேண்டாம். லோடு, அன்லோடு, லீக், டிரெயின் என்று அவர்கள் வாயில் வருகிற சொற்களே போதும். விளக்கம்தான் தமிழில் வேண்டும். இன்றைக்கு நம் ஷிப்ட்களில் ஒடிசா, பீகார்த் தம்பிகள் நிறைய. ஒடியாவிலும் இந்தியிலும் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸரோடு வரும் ஆங்கில மேனுவல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஷெல்ஃபில் இருப்பதை எத்தனை இடத்தில் பார்த்திருப்பேன்.

அல்ட்ராசோனிக் கருவி ஒவ்வொரு பட்டறையும் வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பத்துப் பட்டறைக்கு ஒன்று போதும். சைமா, கொடிசியா, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் போன்றவை இரண்டு மூன்று செட் வாங்கி, வார வாடகைக்கு விடலாம். சிட்ராவில் ஆலைகளை அளந்து பழகிய கை இருக்கிறது. ஃபிட்டர்களுக்கென்று தனி வகுப்பு நடத்தித் தரும்படி உங்கள் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கேளுங்கள். பக்கத்து ஐடிஐ ஆசிரியரையும் அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உட்காரவையுங்கள். அடுத்த வருஷ மாணவர்கள் அவர் மூலம் தானாகவே கற்பார்கள்.

"கத்துக்கிட்டான்னா வேற மில்லுக்குப் போயிருவான்" என்று உங்களில் ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். போவார். ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் போவார். அவர் வீட்டிலும் கேஸ் சிலிண்டர் வாங்கவேண்டுமே. அந்த ஐந்நூறை நீங்கள் கொடுங்கள் என்றுதான் அந்த முதலாளியிடம் சொன்னேன். வருஷத்துக்கு ஒரு ஓட்டையில் போகிற இரண்டு லட்சத்தில் ஃபிட்டருடைய சம்பள உயர்வு எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கற்காதவர் உங்களிடமே இருபது வருஷம் தங்கிவிட்டால் அதற்கு ஆகும் செலவை நான் கையெழுத்துப் போட்டு வாங்கவைத்த 37 கிலோவாட்டில் பார்த்தீர்கள்.

அதிகாரத்தைப் பற்றி. அதை நீங்கள் மட்டும்தான் கொடுக்கமுடியும். எந்தப் பயிற்சியாலும் முடியாது. ஒரு மெஷினைப் பதினைந்து நிமிஷம் நிறுத்தி ஃபிட்டிங் மாற்ற ஃபிட்டருக்கு உரிமை உண்டு என்று புரொடக்‌ஷன் மேனேஜர் காதுபட, ஷிப்ட் மாறும் நேரத்தில், உங்கள் வாயால் சொல்லவேண்டும். காகிதத்தில் எழுதி ஒட்டினால் போதாது. புரொடக்‌ஷனுக்கும் மெயின்டனன்ஸுக்கும் இருக்கிற இழுபறி உங்களுக்குத் தெரியாததல்ல; அதில் இருபத்தாறு வயது ஃபிட்டர் எந்தப் பக்கம் தோற்பார் என்பதும் தெரியும். கம்ப்ரஸர் ரூம் செட்டிங்கை யார் ஏற்றினாலும் ஏன் ஏற்றினேன் என்று ஒரு நோட்டில் எழுதவேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பொங்கலுக்கு உங்கள் ஆலை மூன்று நாளாவது மூடும். அதில் ஒரு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஃபிட்டரையும் கம்ப்ரஸர் ஆபரேட்டரையும் இரட்டைச் சம்பளம் கொடுத்து வரச்சொல்லுங்கள், நீங்களும் வாருங்கள். மெஷின் எதுவும் ஓடவேண்டாம், வால்வுகள் திறந்திருக்கட்டும், கம்ப்ரஸரை மட்டும் போடுங்கள். ஸ்டாப்வாட்ச்சை ஃபிட்டர் கையில் கொடுங்கள். ஐந்து சுற்று. லோடு செகண்டுகளை மொத்த செகண்டுகளால் வகுத்து நூறால் பெருக்கச் சொல்லுங்கள். வருகிற எண்ணைக் கம்ப்ரஸர் ரூம் சுவரில் தேதியோடு சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள், அவர் பெயரையும் கீழே போட்டு. பிறகு கூடத்துக்குள் போய், அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நின்று கேளுங்கள்.

அன்புடன்,
மில் மெயின்டனன்ஸில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஒருவன்
கோயம்புத்தூர்